மேல் இடது மூலை

செவிலிமேட்டு லோகேஸ்வரன் ஒரே சேலை முந்தி டிசைனை இரண்டு தறிக்கார வீட்டுக்குக் கொடுத்துவிட்டானாம். கேட்டால் கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறானாம். காஞ்சிபுரத்தில் தறிக்கு அட்டை அடிக்கும் கடையில் யாரோ சொல்லி, அதை என் அக்கா துர்காதேவி கேட்டு, மெல்போர்னில் இருக்கும் என்னிடம் போனில் சொன்னாள்.

"உன் ஃபிரண்டுதான்பா. நம்ம சித்தப்பாவுக்குப் போட்ட டிசைன அப்படியே தூக்கி கோதண்டபாணி வீட்டுக்குக் குடுத்துட்டானாம். டெஸ்க்டாப்ப மாத்தினேன், அதுல கலந்துபோச்சின்றானாம். டெஸ்க்டாப்ப மாத்தினா மயிலு நடந்துபோயி அடுத்த வீட்ல உக்காந்துக்குமா?"

"யாருக்கா பாத்தது?"

"பாத்தவங்க யாரு? எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. நம்ம ஆளு கையில இருந்திருந்தா இப்படி ஆவுமான்னும் பேசிக்கிறாங்க."

கடைசியில் சொன்னதை அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எனக்கு அதுதான் பெரிதாகக் கேட்டது.

லோகேஸ்வரன் வீட்டில், நெசவு செய்யும் எங்கள் வீடுகளைப்போல, தறி கிடையாது. அவன் அப்பா ராஜவேலு அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் இருவருக்கும் அரசாங்கத்தின் இலவச லேப்டாப் கிடைத்தது. நான் அதில் படித்து ஊரைவிட்டு வந்தேன். அவன் அதில் படம் வரைந்தான். பட்டுச் சேலைக்கு டிசைன் என்றால் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்க வேண்டும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை ஒவ்வொரு புள்ளியும் சொல்லும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டையில் ஓட்டை போடுவார்கள். இதையெல்லாம் எங்கள் தெருவில் வீடு வீடாக நின்று பார்த்துத் தெரிந்துகொண்டான்.

முதன்முதலாக ஓர் அன்னப்பட்சியை வரைந்து என் சித்தப்பா தினகரனிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அன்னமா, கொசுவா?"

"அன்னந்தாங்க."

"அப்ப மூக்கக் கொஞ்சம் குறை. எங்க வீட்டுப் பொண்ணுங்கள கடிச்சிடப்போவுது."

குறைத்துக்கொண்டு வந்தான். மறுபடி குறை சொன்னார், மறுபடி வந்தான். ஒருநாள் அந்த அன்னம் தறியில் ஏறியது. வெளியாள் போட்ட டிசைன் எங்கள் தெருவில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய மரியாதையாக அவனுக்குப் பட்டது. நாளடைவில் நான்கு வீடுகள் அவனை நம்பின.

அந்த நம்பிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டுக்குக் கொடுத்த முந்தியை, அந்தக் கல்யாண காலம் முடியும்வரை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று மற்ற வீட்டுக்குத் தெரியவும் கூடாது. ஆனால் செவிலிமேட்டில் அவன் அறைக்கு எல்லோரும் வருவார்கள், அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பார்கள். அதனால் அவன் எந்த டிசைனுக்கும் வீட்டுப் பெயர் வைத்ததில்லை. வெறும் எண்கள். எது யாருடையது என்பதைத் திரையில் அது இருக்கும் இடத்தை வைத்தே தெரிந்துகொள்வான். நான்கு மூலைக்கு நான்கு வீடு. மேல் இடது மூலை என் சித்தப்பா வீடு. யாருக்கும் கொடுக்காதவை நடுவில் கிடக்கும்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது, தனியாகக் குறித்து வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"எழுதினா எட்டிப் பாக்கறவன் படிச்சிடுவான்பா. இடத்த எவன் படிப்பான்?" என்று சிரித்தான்.

லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. அதிலிருந்த விண்டோஸ் எப்போதோ படுத்துவிட, லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அதுவும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கனத்துக்கொண்டே போயிற்று. ஆவணி முகூர்த்த வேலை குவிந்திருந்த நேரம். ஒரு மயிலைத் திறந்தால் தோகை முதலில் வரும், தலை வருவதற்குள் டீ ஆறிவிடும் என்பான். லினக்ஸில் ஒரு வசதி உண்டு. உள்ளே இருப்பதைத் தொடாமல், நாம் பார்த்துப் புழங்கும் டெஸ்க்டாப்பை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். பழைய கணினிகளுக்கென்றே எடை குறைந்த டெஸ்க்டாப்புகள் இருக்கின்றன. வீடியோ பார்த்துக்கொண்டு அவனே மாற்றினான்.

"ஓடறத ஏன் நோண்டற?" என்று கேட்டாளாம் அவன் மனைவி சுகாசினி.

"ஓடலமா, நொண்டுது."

மாற்றிய கையோடு எனக்குப் போன் செய்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. "பறக்குதுபா! தறி அதே தறிதான். மேல இருக்கற பெட்டிய மட்டும் மாத்தியிருக்கேன். மயிலு தலையோட வருது!"

டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழைய டெஸ்க்டாப்பையும் நீக்கிவிட்டான். போனை வைத்த பிறகுதான் திரையை நிதானமாகப் பார்த்திருக்கிறான். மூலைகள் இல்லை. டிசைன்கள் எல்லாம் எண் வரிசைப்படி, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல ஒழுங்காக நின்றன.

அப்போதும் அவன் பயப்படவில்லை. தான் வரைந்தது தனக்குத் தெரியாதா என்ற தைரியம். ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மூலைகளில் வைத்தான். ஒரே ஒரு இடத்தில் தவறியது. வட்டத்துக்குள் நிற்கும் மயில் இரண்டு இருந்தன. ஒன்று நேரே பார்க்கும், ஒன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். திரும்பிப் பார்க்கும் மயில் சித்தப்பாவுடையது. அதைக் கோதண்டபாணியின் மூலையில் வைத்தான். கோதண்டபாணி வந்து கேட்டபோது அந்த மூலையிலிருந்து எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

சித்தப்பாவிடம் சேலை சொல்லியிருந்த பெண்வீட்டார், காந்தி ரோட்டில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே மயிலைப் பார்த்தார்கள். முகூர்த்தச் சேலை. எங்கள் பெண்ணுக்கு மட்டும்தான் என்று சொன்னீர்களே என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பாவை அப்படி யாரும் வாசலில் நிறுத்திக் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் லோகேஸ்வரனும் சுகாசினியும் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே நடந்ததைச் சுகாசினிதான் எனக்குச் சொன்னாள். அவர் திட்டவில்லையாம். தறியை விட்டு எழுந்திருக்கவும் இல்லையாம்.

"டெஸ்க்டாப்னா இன்னாபா?"

"ஸ்கிரீன்ல நாம பாக்கறதுங்க. அத மாத்தினேன். இடம் கலைஞ்சிடுச்சி. உங்களோடது எப்பவும் மேல் இடது மூலையில இருக்கும்."

"எனக்கு ஒரு மூலை இருந்துச்சா?"

"இருந்துச்சிங்க. மொத நாள்லேர்ந்து."

"இருந்திருந்தா காட்டு. பாத்துட்டு நானே கோதண்டபாணி வீட்டுக்கு வந்து பேசறேன்."

பழைய டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டதால் இவனிடம் காட்ட ஒன்றுமில்லை. அவர் நாடாவை இழைகளுக்கு நடுவே தள்ளி நெய்ய ஆரம்பித்துவிட்டார். சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. மற்ற வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. கோதண்டபாணி மட்டும், "எனக்கு லாபம்தான்பா, ஆனா நாளைக்கு என்னோடது எங்க போவுமோ," என்றாராம்.

அக்கா சொன்னதைக் கேட்ட அன்றே அவனை அழைத்தேன். எடுத்தான். பின்னால் பஸ் சத்தம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான்.

"உன்ன எனக்குத் தெரியாதாடா?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சி இன்னாபா ஆவப்போவுது? நீ அங்க இருக்கற." பிறகு சொன்னான்: "காசு வாங்கிக்கினு செஞ்சேன்றாங்க. அதுகூடப் பரவால்ல. அவரு 'எனக்கு ஒரு மூலை இருந்துச்சா'ன்னு கேட்டாரு பாரு. அத மொதல்லயே அவருகிட்ட சொல்லியிருக்கலாம். ஆவணி முடியறவரைக்கும் மெதுவாவே ஓட்டியிருக்கலாம். டீதான ஆறிச்சி?"

லேப்டாப்பை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிட்டு மாகறல்ல இருக்கற சுகாசினியோட தங்கச்சிக்குக் குடுத்துடறேன். அதப் பாக்கவே பிடிக்கல."

எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கே ஒரு பழைய கணினியில் அதே லினக்ஸைப் போட்டு, ஐகான்களை நான்கு மூலைகளில் வைத்து, டெஸ்க்டாப்பை மாற்றினேன். எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அவன் செய்ததுபோலவே பழையதை நீக்கினேன். பிறகு, சும்மா பார்க்கலாம் என்று அதைத் திரும்பவும் போட்டு உள்ளே நுழைந்தேன். ஐகான்கள் அதனதன் மூலையில் இருந்தன. ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தான் வைத்த இடங்களைத் தனியாக ஞாபகம் வைத்திருக்கிறது. அதை நீக்கினாலும் அந்த ஞாபகம் பயன்படுத்துகிறவனுடைய ஃபோல்டரிலேயே தங்கிவிடுகிறது. அவனுடைய லேப்டாப்பிலும், அழிக்காமல் இருந்தால், திரும்பிப் பார்க்கும் மயில் மேல் இடது மூலையிலேயே இருக்கும். அதை அப்படியே சித்தப்பா முன்னால் கொண்டுபோய் வைக்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மதியம், அவனுக்குக் காலை. 'அழிக்காதே' என்று அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை; அழைத்தாலும் இணைப்பு கிடைக்கவில்லை. சுகாசினியின் போனும் அணைந்திருக்கிறது. அக்காவைச் செவிலிமேட்டுக்குப் போகச் சொன்னேன். "நான் எப்படிபா அங்க போயி நிப்பேன், சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றவள், கடைசியில், பார்க்கிறேன் என்றாள்.

கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கலாம். போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். இல்லையென்றால் அந்த அறையில், லேப்டாப்பின் முன்னால், போனை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

மறுபடியும் அவன் எண்ணை அழுத்துகிறேன். இந்தத் தடவை மணி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.