அடியேன் அடித்த பாஸ்வேர்டு

உறையூரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நெற்றியில் திருமண், அதை அழிக்கிற அளவுக்கு வியர்வை. வீட்டிலிருந்தே சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்பவர். பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பானால் பூட்டிக்கொள்ளும். அன்றைய வேலை போச்சு.

"அடியேன் சரியாத்தான் அடிச்சேன்," என்றார்.

"'அடி ஏன்?'னு கீபோர்டுதான் கேக்கணும் சாமி, நீங்க கேக்குறீங்க! பாஸ்வேர்டுல வெறும் புள்ளிதான் தெரியும். பேர் போடுற கட்டத்துல அடிச்சுப் பாருங்க."

தமிழ் எழுத்துகள் வந்தன. கீபோர்டு மொழி இவர் லேப்டாப்பில் ஆங்கிலம், சென்னை கம்ப்யூட்டரில் தமிழ். அங்கேயும் ஆங்கிலத்துக்கு மாற்றினேன், திறந்தது. அவர் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் திரை பூட்டி, அங்கே மறுபடி தமிழ்.

"க்ஷமிக்கணும், அடியேன் தப்புதான்," என்று கைகூப்பினார், லேப்டாப்பைப் பார்த்து.

அதை ஓங்கி ஒன்று வைக்க எனக்குத்தான் கை பரபரத்தது.