நான் மிதித்திராத ஊர்

என்னுடைய அகதி வழக்குக் கோப்பு லண்டனில் எங்கோ ஒரு அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும். அதன்படி நான் கொழும்பில் விமானம் ஏறி, ஓரிடத்தில் விமானம் மாறி, நேரே இங்கே வந்து இறங்கினேன். செக் நாட்டின் பெயரே அதில் கிடையாது. அப்படிச் சொல்லச் சொன்னவன் எங்களைக் கள்ளமாகக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன். "நடுவில ஒரு நாட்டின்ர பேரைச் சொன்னியோ, அங்கயே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றான். நானும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். எதிரே இருந்த அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஆனால் அந்த நாட்டின் ஒரு சின்ன ஊரை எனக்குத் தெரிந்த அளவுக்கு, இத்தனை வருசம் குடியிருக்கும் லண்டன் இல்ஃபோர்ட்டைத் தெரியாது. பதினேழு நாள் ஒரு பாழடைந்த வீட்டின் மேல்தட்டில், கூரைக்குக் கீழே இருந்த ஒரு யன்னலால் அதை மட்டும்தான் பார்த்தேன். நேரே ஒரு குளம், உறைந்து கிடந்தது. குளக்கரையில் வரிசையாக ஏழு மரங்கள். நாலாவதுக்குத் தலை இல்லை. அங்கால் ஒரு தேவாலயம், அதன் கோபுரம் வெங்காயம்போல உருண்டு நுனியில் கூராகி இருந்தது. வலப்பக்கம் ஒரு மலை. கல்லுக்காக அதில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மலையடியால் ஒரு பாதை மேற்கே போய்க் காட்டுக்குள் மறைந்தது. காட்டுக்கு அங்கால் ஜெர்மனி. அதுதான் எங்களுக்குத் தேவைப்பட்ட திசை.

ஊரின் பெயரைக் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. "தெரிஞ்சால் உளறுவியள்" என்றான், எங்களைக் காவல் காத்த ஏஜென்சியின் ஆள். அவனும் தமிழன்தான்.

நாங்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் அத்தான், அக்காவின் கணவர். அக்கா கொழும்பு முழுக்க அலைந்து, பனிக்குத் தாங்கும் என்று சொல்லி, அவருக்கு ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தா. எனக்கு வாய்த்தது ஒரு கான்வஸ் சப்பாத்து. வருகிற வழியிலேயே அது அடி கழன்று வாயைப் பிளந்துவிட்டது.

பதினாறாம் நாள் அத்தானுக்குக் காய்ச்சல் ஏறியது. மறுநாள் பொழுது படும் நேரத்தில் ஏஜென்சியின் ஆள் வந்து, "வெளிக்கிடுங்கோ, இப்பவே" என்றான். அத்தானைப் பார்த்துவிட்டு, "இவர் நடக்கமாட்டார். நாளைக்கு மருந்தோட வந்து அடுத்த ஆக்களோட ஏத்தி விடுறன்" என்றான். ஒரு பாணும் ஒரு போத்தல் தண்ணியும் வைத்தான். நான் அத்தானின் தலைமாட்டில் இருந்த சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினேன். கேட்கவில்லை. லேஸ் கட்டும்போது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அவங்கள் உங்களுக்கு வேற தருவாங்கள் அத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜெர்மனிக்குப் போன பிறகு ஏஜென்சிக்குப் போன் எடுத்தேன். "ஆள் அங்க இல்லை. வேற வழியால போயிட்டார்போல" என்றார்கள். பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை. லண்டனுக்கு வந்து போனில் அக்காவிடம், வழியில் பிரிந்துவிட்டோம் என்று சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவோடு கிழமைக்கு ஒருதரம் போன் கார்டில் கதைப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி.

"என்ன மாதிரி தம்பி, அவரைப் பற்றி ஏதும் அறிஞ்சனியோ?"

"விசாரிச்சுக்கொண்டு இருக்கிறன் அக்கா."

"நல்ல சப்பாத்து அது. காலில சப்பாத்து இருந்தால் மனுசன் எங்கயும் நடந்து போயிருப்பார்."

அந்தச் சப்பாத்தை நான் லண்டனில் இரண்டு பனிக்காலம் போட்டேன். அக்கா சொன்னது உண்மைதான், நல்ல சப்பாத்து.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஹோட்டல்களுக்கு விரிப்பும் துவாயும் துவைத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அங்கிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி என் மேசைக்கு எதிரே கட்டில் விரிப்பு மடிப்பாள். நாற்பது வயதிருக்கும். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் நன்றாகக் கதைக்க முடிந்தது. ஒரு நாள் தன் ஊர்ப்பக்கத்துக் கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் மாட்டினாள். மாதம் திருப்பும்போது பார்த்தேன். குளம். ஏழு மரம். நாலாவதுக்குத் தலை இல்லை. கையில் இருந்த தேத்தண்ணி சேட்டில் ஊற்றுப்பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

"இது என்ன ஊர்?"

பெயரைச் சொன்னாள். தன் ஊரிலிருந்து மூன்றாவது ஊர் என்றாள். "ஏன் கேட்கிறாய்?"

"என்ர சிநேகிதன் ஒருத்தன் அங்கே இருந்தவன்."

அவள் ஏமாறுகிற விசரி இல்லை. "உன் சிநேகிதன் மரத்தை எல்லாம் எண்ணினானா?" என்று கேட்டாள். யன்னல் கதையை அவளுக்கு எப்போதோ நானே உளறியிருந்தேன். ஏஜென்சியின் ஆள் சொன்னது சரி.

அதன் பிறகு இடைவேளைகளில் அந்த ஊரின் கதையைச் சொன்னாள். முந்தி அங்கே ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள்தான் இருந்தார்களாம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு, கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவர்களைத் துரத்திவிட்டார்கள். கிழக்கிலிருந்து வேறு சனத்தைக் கொண்டுவந்து அந்த வீடுகளைக் கொடுத்தார்கள். அவளுடைய தகப்பன் வீட்டாரும் அப்படி வந்தவர்களே. மேசையில் கோப்பைகள் அப்படியே இருந்தனவாம். எல்லைக்குக் கிட்ட இருந்த வீடுகளை ராணுவம் இடித்தது. மிச்சம் இருந்ததில் குடியேற ஆளில்லாமல் பாதி விழுந்தது. விழாத பாதி ஒன்றில்தான் நாங்கள் ஒளிந்திருந்தோம். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் கோடையில் பஸ்ஸில் வந்து, தங்கள் வீட்டு வாசலில் நின்று பார்ப்பார்களாம்.

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"கதவைத் திறக்கமாட்டோம்" என்றாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் ஊரிலும் வீடுகளில் ஆமிக்காரன் இருக்கிறான், வீட்டுச் சொந்தக்காரன் முள்ளுக்கம்பிக்கு வெளியே நிற்கிறான் என்று சூடாகவே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "திறக்கமாட்டோம். ஆனால் எழுதி வைப்போம்" என்றாள். அங்கே ஒவ்வொரு ஊரும் ஒரு பெரிய புத்தகம் வைத்திருக்க வேண்டுமாம். வருசா வருசம் ஊரில் நடந்ததை ஒருவர் கையால் எழுத வேண்டும், அது சட்டம். அந்த ஊருக்கு எழுதுகிறவ, இளைப்பாறிய ஒரு பள்ளிக்கூட ரீச்சர்.

அந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கு அவள் ஊருக்குப் போய்விட்டு, இரண்டு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வந்தாள். ஒன்று சண்டை முடிந்த வருசத்தின் பக்கம். "பழைய குடிகள் போயினர்" என்று ஒரே ஒரு வரி. மற்றது நாங்கள் ஒளிந்திருந்த வருசத்தினுடையது. விரலை வைத்து வரி வரியாக எனக்குச் சொன்னாள். பிளம்ஸ் காய்க்கவில்லை. தீயணைப்புக் கொட்டிலுக்குப் புதுக் கூரை போட்டார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பிறகு ஆறு வரி:

"பனி கொட்டி வீதி மூடிய மறுநாள், மலையைத் தாண்டிக் காட்டுக்குப் போகும் பாதையில் ஓர் அந்நிய மனிதர் இறந்து கிடந்தார். கறுத்த நிறம், முப்பத்தைந்து வயதிருக்கும். கால்களில் யன்னல் திரையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அந்தப் பனியில் ஏன் சப்பாத்தில்லாமல் வெளிக்கிட்டார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. தேவாலய மதிலோரம் அடக்கம் செய்தோம். யாராவது தேடி வந்தால் பெயர் எழுதுவதற்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்."

ஒரு ஊரையே காலி பண்ணியதற்கு ஒரு வரி. என் அத்தானுக்கு ஆறு. கீழே உண்மையாகவே இரண்டு வரி வெறுமையாகக் கிடந்தது.

"பெயர் என்ன?" என்று கேட்டாள்.

"இது வேற ஆள்" என்றேன்.

அவள் தாளை மடித்து என் லொக்கருக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அப்போது என் பிரித்தானியக் குடியுரிமை விண்ணப்பம் போயிருந்தது. பெயரைக் கொடுத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், நான் அங்கே இருந்தது வெளியே வரும், கோப்பிலுள்ள பொய் பிடிபடும். பாஸ்போட் வரட்டும், வந்த அன்றே கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அந்த மாதங்கள் முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த செய்தியை என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தா.

பாஸ்போட் வந்தது. ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது, நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் என் வண்டவாளம் எனக்கே வெளித்தது. நான் பயந்தது குடிவரவு அதிகாரிக்கு இல்லை. அந்த ரீச்சர் எழுதிய கேள்விக்கு உலகத்திலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் நான். அத்தான் அந்தப் பனியில் எங்களைத் தேடி வந்தாரா, சப்பாத்தைத் தேடி வந்தாரா என்பது மட்டும் எனக்கும் தெரியாது.

கலண்டர் கொண்டுவந்தவள் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகிறாள் என்று அறிந்த அன்று, ஒரு துண்டில் அத்தானின் முழுப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி அவள் கையில் வைத்தேன். வாங்கிப் பார்த்தாள். சப்பாத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த ஞாயிறு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அத்தான் செத்துப்போனார், எல்லைக்குக் கிட்ட ஒரு ஊரில், பனியில், என்று சொன்னேன். அக்காவுக்குப் பக்கத்தில் ஆரோ கோழிக்குச் சூ போடுவது கேட்டது. கார்டில் ஒரு நிமிசம்தான் இருக்கிறது என்று இடையில் புகுந்து ஆங்கிலத்தில் சொல்லிற்று ஒரு குரல்.

"எரிச்சவையோ, தாட்டவையோ?" என்று அக்கா கேட்டா.

"தாட்டவை அக்கா. சேர்ச்சுக்குப் பின்னால, மதிலோரம். ஊர்ச்சனம்தான் எல்லாம் செய்தது."

"சப்பாத்தோடயோ தாட்டவை?"

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி" என்றா அக்கா. "கால் குளிர்ந்தால் அவருக்கு நித்திரை வராது."