திரியாய் அக்காவின் கார்

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற கார் என் தம்பியுடையது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவன் அதைக் கழுவுகிற கழுவலைப் பார்த்த யாரும் வேறு எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். சொந்தப் பிள்ளைகளின் சப்பாத்து கிழிந்ததா இல்லையா என்று ஒரு நாளும் குனிந்து பாராதவன், ஞாயிறு காலையில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பழைய பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்ப்பான். கடற்கரைப் பக்கமிருந்து ஊருக்குள் மேய வரும் மான்கள் உரசிவிடும் என்று காரைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தான். நான் கீழ்வீட்டில், அவன் மேல்வீட்டில். முற்றம் பொது. ஆனால் கார் வந்த நாளிலிருந்து என் துணி காயப்போடும் கொடிக்கு அதில் இடமில்லை.

திரியாய் என்ற கிராமத்திலிருந்து அந்தப் பெண் வந்தது ஒரு வேலைநாள் காலையில். தம்பி அன்று காரை விட்டுவிட்டு யாரோ நண்பருடன் கொழும்புக்குப் போயிருந்தான். கேற்றைத் திறந்தபோது என் வயதுதான் இருக்கும் ஒருவர், கையில் பொலித்தீன் பையோடு, என்னைத் தாண்டிக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரீச்சர் எண்டு முன்வீட்டில சொன்னவை. கோவிக்காதேங்கோ. என்ர காரைப் பார்க்க வந்தனான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தின் பிரதியை எடுத்தார். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு மாதம் மாதம் கொடுக்கும் உதவிக் காசுக்கு அவர் போட்ட விண்ணப்பம். நிராகரித்துவிட்டார்கள். காரணம்: விண்ணப்பதாரிக்குச் சொந்தமாக மோட்டார் வாகனம் உண்டு. பின்பக்கத்தில் கிராம சேவகர் அந்த வாகனத்தின் இலக்கத்தை எழுதியிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அதே இலக்கம் என் தம்பியின் காரில், சோப்பு போட்டுக் கழுவிய சுத்தத்தோடு பளபளத்துக்கொண்டிருந்தது.

உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். கதையைச் சொன்னார். மகன் முந்திய காருக்கு எடுத்த லீசிங் கடனைக் கட்டாமல் விட்டுத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டவன். அதனால் அடுத்த காரைத் தாயின் பெயரில் வாங்கி, நிலாவெளி ஹோட்டல்காரருக்கு வாடகைக்கு ஹயர் ஓடினான். பிறகு அதை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனான். போனவன் போனதுதான், காசும் இல்லை, கதையும் இல்லை. விற்கும்போது தாயை ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் வைத்தார். வாங்குபவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

“ஆர் வாங்கினது எண்டு கேட்டனான், ரீச்சர். அது பிறகு நிரப்புவினம் எண்டு மகன் சொன்னவன்.”

யாரும் நிரப்பவில்லை. இதற்கு எங்கள் நாட்டில் ஓபன் பேப்பர் என்று பெயர். ஆண்கள் கூடித் தேத்தண்ணி குடித்துக் கண்டுபிடித்த மகா தந்திரங்களில் இதுவும் ஒன்று. விற்பவர் கையெழுத்து வைத்த வெறும் படிவத்தை வாங்குபவர் அலுமாரியில் பூட்டி வைப்பார். பெயர் மாற்றினால் கட்டணம், பிந்தினால் தண்டம். மாற்றாவிட்டால் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் படிவத்தோடு காரை அடுத்தவருக்கு விற்பார். இந்தக் கார் ஒரு தரகர், ஒரு இரும்புக்கடை முதலாளி, என் தம்பி என்று மூன்று கை மாறியது. மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். மூன்று பேரும் காசை மிச்சம் பிடித்தார்கள். அரசாங்கத்தின் கணக்கில் கார் அத்தனை காலமும் திரியாயில், ஓலை வேய்ந்த குசினிக்குப் பக்கத்தில் நின்றது.

அவருடைய வருமானம் கச்சான் கடலை நடுவதும், பருவத்தில் வயலில் கூலிக்குப் போவதும். அந்த உதவிக் காசு வந்தால் மருந்து வாங்கலாம், அரிசிக் கடனைக் கொஞ்சம் குறைக்கலாம். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

“காரை நீங்களே வைச்சிருங்கோ. என்ர பேரை மட்டும் எடுத்து விடுங்கோ. எங்கட ஊர் மனிசன் ஒருத்தர் ஓட்டோவில இந்தப் பக்கம் வரேக்க நம்பரைக் கண்டு சொன்னவர். இல்லாட்டில் எனக்கு எங்க தெரியப்போகுது?”

தம்பி திரும்பி வந்ததும் விசயத்தைச் சொன்னேன். அவன் ஒரு நிதிக் கம்பனியில் மனேஜர். வாகனக் கடன் கொடுப்பதுதான் அவனுடைய தொழில். அவனுக்கு முன்னால் யாராவது ஓபன் பேப்பரை நீட்டிக் கடன் கேட்டால் கதிரையில் இருக்கக்கூட விடமாட்டான். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இல்லாதவன் சொந்தக்காரன் இல்லை என்று வாடிக்கையாளருக்கு வகுப்பெடுப்பவன்.

“அக்கா, உனக்கு இந்த வேலையெல்லாம் விளங்காது,” என்றான். “இப்ப ட்ரான்ஸ்பர் செய்ய வெளிக்கிட்டால் லட்சக்கணக்கில போகும். தண்டம், வரி, கொழும்புக்கு ரெண்டு மூண்டு தரம் அலைச்சல். அந்த மனிசிக்காக நான் ஏன் செலவழிக்க வேணும்?”

“அந்த மனிசியின்ர காரில நீ ஏன் ஓடுறாய்?”

“நான் காசு குடுத்து வாங்கினனான்.”

“ஆரிட்ட?”

கார் விற்கும் காலம் வரும்போது வாங்குபவன் மாற்றிக்கொள்வான் என்று முணுமுணுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். அதாவது நாலாவது கெட்டிக்காரன் வரும்வரை அந்தப் பெண் மருந்து வாங்காமல் இருக்க வேண்டும்.

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். விடையைச் சொல்லிவிட்டு வழியைக் காட்டாதவனை நம்பும் பழக்கம் எனக்கில்லை. அடுத்த நாளே வாகனப் பதிவு வேலை நடக்கும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனேன். வாசல் மரத்தடியில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தரகர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் எழும்பி வந்து, “அம்மா, உள்ளுக்குப் போனால் அலைக்கழிப்பினம். என்னட்ட தாங்கோ, எல்லாம் ஒரே விலை,” என்றார். எந்த வேலைக்கு என்று கேட்கவும் இல்லை. எந்த வேலை என்று தெரியாமலே விலை சொல்லத் தெரிந்தவர்களை நான் பரீட்சை மண்டபத்திலும் கண்டிருக்கிறேன்.

உள்ளே யாரும் அலைக்கழிக்கவில்லை. வரிசையில் நின்றேன், சொன்னார்கள். பெயர் மாற்றக் கட்டணம் வாகனத்தின் வகையைப் பொறுத்தது. விற்ற பிறகு குறித்த நாட்களுக்குள் அறிவிக்காததற்குத் தண்டம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி, செல்லுபடியான வரிப்பத்திரம் இருக்க வேண்டும். இவற்றை எப்படியும் வருடா வருடம் எடுக்கத்தான் வேண்டும். பழைய படிவம் செல்லாது, பதிவிலுள்ளவர் புதிய படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு பிரதிகள், முத்திரை. பத்திரங்களை இங்கேயே ஒப்படைத்துப் பாரம் கொடுக்கலாம், புதிய புத்தகம் தபாலில் வரும்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கூட்டிப் பார்த்தேன். மொத்தச் செலவு, தம்பி போன மாதம் மாட்டிய அலோய் சக்கரங்களில் ஒன்றின் விலைக்கும் வரவில்லை. அதிலும் பெரிய பங்கு தண்டம். மூன்று கெட்டிக்காரர்களும் அன்றன்றே செய்திருந்தால் அந்தத் தண்டமும் இருந்திருக்காது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணக்கை அவனுக்கு முன்னால் வைத்தேன். பார்த்தான். பிறகுதான் உண்மை வாயில் வந்தது.

“காசில்லை அக்கா பிரச்சினை. என்ர பேரில கார் ஏறினால் வரிக்காரர் கேள்வி கேப்பினம். வருமானம் எங்கயிருந்து வந்தது எண்டு தோண்டுவினம்.”

அப்படியானால் கணக்கு இதுதான். இவன் வரிக்காரரிடம் காரில்லாதவனாக இருப்பதற்காக, அந்தப் பெண் உதவிக் காசு கொடுப்பவர்களிடம் கார்க்காரியாக இருக்க வேண்டும். எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அம்மா இவனுக்குத்தான் மீனின் நடுத்துண்டைப் போட்டு வளர்த்தார் என்பதும் ஞாபகம் வந்து இன்னும் கோபம் ஏறியது.

அடுத்த கிழமை திரியாய் அக்கா மறுபடி வந்தார். நான் ஒளிக்காமல் சொன்னேன்.

“அவன் மாத்த மாட்டான். பொலிஸுக்குப் போங்கோ. என்ர காரைக் காணேல்லை எண்டு முறைப்பாடு குடுங்கோ. நானும் வாறன்.”

அவர் பதறிப்போனார். “ஐயோ, அப்பிடிச் சொல்ல ஏலாது ரீச்சர். கார் உங்கட வளவுக்குள்ள நிக்கிறதை என்ர கண்ணால கண்டனான். காணேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்வதாகத் தீர்மானித்தோம். பொலிஸ் நிலையத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: கார் என் பெயரில் இருக்கிறது, இன்ன வீட்டில் நிற்கிறது, அதை ஓட்டுபவர் தன் பெயருக்கு மாற்ற மாட்டேன் என்கிறார், அதனால் எனக்கு உதவிக் காசு இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வேலை செய்திருக்காது.

அன்று பின்னேரமே தம்பியைக் காரோடு வரச்சொன்னார்கள். கழுத்துப்பட்டியோடு வந்தான். தன் பதவியை முதலில் சொன்னான், பிறகு தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பதவிகளைச் சொன்னான். பொறுப்பதிகாரி கொச்சைத் தமிழில், ஆனால் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“புத்தகத்தில இந்த அம்மாட பேர் இருக்கு. நீங்க யாரு சேர்?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

“நாளைக்கு இந்தக் கார் ஒரு ஆளை அடிச்சா கோர்ட்டுக்கு இந்த அம்மாதான் வரணும். மாத்துங்க. இல்லாட்டி கார் இங்க நிக்கட்டும்.”

அவ்வளவுதான். அலைச்சல், லட்சக்கணக்கு, வரிக்காரர் எல்லாம் ஒரே இரவில் ஆவியாகிவிட்டன. மறுநாள் காலை புகைப் பரிசோதனைக்குப் போனவர்களில் முதல் ஆள் என் தம்பி. திரியாய் அக்கா முதல் பஸ்ஸில் கச்சேரிக்கு வந்து புதிய படிவத்தில் கையெழுத்து வைத்தார். இந்த முறை வாங்குபவர் பெயர் நிரம்பியிருக்கிறதா என்று என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். தம்பி கட்டணத்தை எண்ணிக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வீதியில் வழிப்பறிக்காரரிடம் பறிகொடுத்தவன் மாதிரி நின்றான். பத்திரங்களைப் பாரம் எடுத்ததற்கு ஒரு ரசீதுத் துண்டு கொடுத்தார்கள். அதை இன்றைக்கே குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் காட்டினால் உதவிக் காசுக்கான மேன்முறையீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அக்காவின் கிராம சேவகர் தொலைபேசியில் சொன்னார். விட்டுப்போன மாதங்களின் காசு கிடைக்குமா என்று கேட்டேன். அது கிடைக்காதாம்.

“தம்பி, குச்சவெளிப் பக்கம் காரை எடு,” என்றேன்.

“எனக்கு ஒஃபீஸுக்கு நேரமாகுது.”

“பொறுப்பதிகாரியிட்டப் போய் நேரம் கேப்பமோ?”

கதவைத் திறந்து அக்காவைப் பின்சீற்றில் இருத்தி நானும் ஏறினேன். தம்பி திரும்பி அவருடைய காலடி மண்ணைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தான். நிலாவெளி தாண்டும்வரை அவர் சீற்றின் நுனியில்தான் இருந்தார். ஏஸி குளிருக்குச் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

“நல்லாச் சாய்ந்து இருங்கோ அக்கா,” என்றேன். “உங்கட கார்தானே.”

“நான் இதில இண்டைக்குத்தான் ஏறுறன் ரீச்சர். வெளிநாட்டு ஆக்கள் ஏறுற கார், மண் படும் எண்டு மகன் ஏத்தேல்லை.”

இறக்கக்கண்டிப் பாலத்தில் அவர் யன்னலோடு முகத்தை வைத்து வலை இழுப்பவர்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்து இருந்தார். பிரதேச செயலகத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது, திடீரென்று முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

“தம்பி, இஞ்சயே நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டுங்கோ.”

“இன்னும் தூரம் கிடக்கு,” என்றான் தம்பி.

“ஐயோ, வாசலுக்குப் போக வேண்டாம். நான் காரில வந்து இறங்கினால் காசு தர மாட்டினம்.”

அவன் நிறுத்தினான். அவர் இறங்கி, கையிலிருந்த துண்டு கசங்கவில்லை என்று பார்த்து, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, கொதிக்கும் தார் வீதியில் நடக்கத் தொடங்கினார். நானும் இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன். பெயர் மாறிய கார்க்காரன் யன்னல் கண்ணாடியை ஏற்றியபடியே உள்ளே இருந்தான்.