திராட்சைக் கொடி போட்ட பாட்டில் அலமாரி

இருதயசெல்வி பிறந்தது முகையூரில், வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். வயது நாற்பத்திரண்டு. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் மரச்சாமான் செய்கிறாள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'பொட்டிக்கட்டை செல்வி' என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும்போது அடியில் கொடுத்து அனுப்பும் மரச்சட்டங்களைத்தான் அங்கே பொட்டிக்கட்டை என்கிறார்கள். பெரும்பாலும் பைன் மரம். சரக்கை இறக்கியதும் கம்பெனிகள் அவற்றை விறகு விலைக்குத் தள்ளிவிடும். செல்வி முன்பு ஒரு கிடங்கில் அந்தச் சட்டங்களைப் பிரித்து ஆணி பிடுங்கும் வேலையில் இருந்தாள். அவள் கணவன் சவுரிராயன் லோடுமேன். மகள் வெனிலா ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் இறந்தான். மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள், குடி என்று தெருவில் சொன்னார்கள். இரண்டும் சரிதான்.

அந்த வருஷமே செல்வி ஒரு வண்டி நிறையப் பொட்டிக்கட்டை வாங்கி வந்து, கைரம்பத்தால் அறுத்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தாள். அது ஆடாமல் நின்றது. பிறகு புத்தக அலமாரி, ஸ்டூல், தொட்டில் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. இழைக்கும் மிஷின் வாங்கினாள். கிடங்கு வேலையை விட்டாள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் விழுப்புரத்திலிருந்து நெடுஞ்செழியன் என்பவர் வந்தார். நில அளவைத் துறையில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட தாளில் ஓர் அலமாரியை அளவு பிசகாமல் வரைந்து கொண்டுவந்திருந்தார். தேக்கில் செய்ய விலை கேட்டு மலைத்துப் போயிருந்தார்.

"இது இன்னா சார், துணி அலமாரியா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாட்டில் வைக்கிறதும்மா. கிளாஸ் தொங்க விடணும். கீழ ரெண்டு கதவு."

"பாத்தா பாட்டில் அலமாரின்னு தெரியணுமா, தெரியக் கூடாதா?"

"தெரியணும். ஆனா அழகா இருக்கணும். ஹால்ல வைக்கப் போறேன்."

செல்வி ஒப்புக்கொண்டாள். விழுப்புரத்தில் நர்சிங் படிக்கும் வெனிலா அந்த வாரம் விடுமுறைக்கு வந்தபோது தாளைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"இத நீ செய்யப் போறியா? அப்பாவ நெனச்சியா கொஞ்சமாச்சும்?"

"நெனச்சேன்."

"நெனச்சிக்கினேவா ஒத்துக்கின?"

"ஒங்கப்பாவுக்கு அலமாரி எதுவும் இல்லடி. அலமாரி இல்லாமதான் குடிச்சாரு."

வெனிலா தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். விடுமுறை முடிந்து விழுப்புரம் திரும்பும்போது, போய்ட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னாள்.

தட்டுகளின் உயரத்தை மட்டும் அவர் தாளில் குறிக்கவில்லை, பாட்டில் அளவுக்கு வைத்துவிடச் சொல்லியிருந்தார். செல்வி மாசிலாமணியின் காயலான் கடைக்குப் போய்க் காலி பாட்டில் கேட்டாள்.

"இன்னாக்கா, நீ எப்ப ஆரம்பிச்ச?" என்றான் அவன்.

"அளக்கறதுக்குடா. ஃபுல்லு, ஆஃபு, குவார்ட்டரு, எல்லாத்துலயும் ரெண்டு எடு."

குவார்ட்டரை அவள் அளக்கவில்லை. ஒன்பது வருஷம் தலையணைக்கு அடியிலிருந்தும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தும் எடுத்து எறிந்த பாட்டில் அது. அதன் நீளம் அவள் உள்ளங்கைக்குத் தெரியும். ஃபுல்லை மட்டும் டேப் வைத்து அளந்தாள். பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தட்டுக்குத் தட்டு பதின்மூன்று அங்குலம் என்று சுவரில் கரியால் எழுதிவைத்தாள்.

பைன் பார்க்க வெளுத்து, கணுத் தடம் கண் கண்ணாகத் தெரியும். அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாரே! மதுவுக்குத் திராட்சைதான் பொருத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. திராட்சைக் கொடியை அவள் தோட்டத்தில் பார்த்ததில்லை, முகையூர் மாதா கோயில் பலிபீடத்தில்தான் பார்த்திருக்கிறாள். நினைவிலிருந்து கொடியையும் இலையையும் மெல்லிய பலகையில் வரைந்து அறுத்தெடுத்து, கதவுகளில் பசை வைத்து ஒட்டினாள். பழத்துக்கு வழி தெரியவில்லை. செதுக்கினால் பைன் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. மறுபடியும் காயலான் கடைக்குப் போனபோது, கார் டிரைவர்கள் முதுகுக்குப் போட்டுக்கொள்ளும் மரமணி விரிப்பு ஒன்று மூலையில் கிடந்தது. அதை வாங்கி வந்து, மணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, குலை குலையாகப் பதித்தாள். இருநூற்றுப் பத்து மணி. மூன்று நாள் வேலை. மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் சாயம் பூசியதும் மரம் விலை உயர்ந்ததுபோல் ஆகிவிட்டது.

அலமாரி முடியும் தறுவாயில் ஒரு பெண்மணி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் குடை, தோளில் பை. நெடுஞ்செழியனின் மனைவி கலையரசி, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அலமாரியைச் சுற்றி வந்து, குலைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "இந்தத் தட்டெல்லாம் எவ்ளோ ஒசரம்?"

"பதிமூணு இஞ்சுங்க டீச்சர்."

"பத்தாக்கிடும்மா. அவருக்குத் தெரிய வேணாம். அளவுல தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிக்கோ. பாட்டில் நிக்கலன்னா ஏதாவது புக்கு வெச்சிக்குவாரு. பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். வர்றவங்க ஹால்ல இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

செல்வி இழைப்புச் சுருளைக் காலால் ஒதுக்கி, உட்கார ஸ்டூல் போட்டாள்.

"டீச்சர், அளவுல தப்பு பண்றவன்னு பேரு வந்துட்டா எங்கிட்ட எவனும் வர மாட்டான். பொட்டிய நான் சரியா செஞ்சி குடுத்துடறேன். பாட்டில் விஷயத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க."

"பேசினா கேக்கற ஆளா இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நானும் பேசல டீச்சர். பாட்டிலத்தான் தேடிக்கினு இருந்தேன்."

கலையரசி ஸ்டூலில் உட்காரவில்லை. குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

புரட்டாசி முதல் வாரம் மினி லாரியில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோனாள். வீட்டு ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரில் இறக்கி நிறுத்தினார்கள். நெடுஞ்செழியன் தம் தாளை எடுத்து டேப்பால் ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கலையரசி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருஷமா எங்க வெச்சிருந்தீங்களோ அங்கயே வெச்சிருக்கலாம்," என்றார்.

நெடுஞ்செழியன் டேப்பைச் சுருட்டினார். "எங்க வெச்சிருந்தேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"மோட்டார் ரூம்ல, சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால. பதினோரு வருஷமாத் தெரியும்."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். செல்வி வெளியே போகலாமா என்று நினைத்தாள். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

"போன மழையில அந்தப் பெட்டிக்குப் பின்னால கைய விட்டேன்," என்றார் அவர். "கரண்டு தூக்கி அடிச்சிடிச்சி. ரூம் வாசல் சேத்துல எவ்ளோ நேரம் கெடந்தேன்னு தெரியல. எழுந்து வந்து வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு. அப்பிடியே போயிருந்தா, எங்க போயி எதுக்குச் செத்தான்னு ஊரே கேட்டிருக்கும். அதான் ஹால்ல வைக்கலாம்னு..."

கலையரசி பின்பக்கமாக இறங்கிப் போனார். மோட்டார் ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் பாதி காலியான ஒரு பாட்டில் இருந்தது. மேலே ஒட்டியிருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்து, நடுத்தட்டில் வைத்தார். அது சரியாக நின்றது.

"அந்த ரூம் பக்கம் இனிமே போகாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செல்வி மீதித் தொகையை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் டிரைவர் இரண்டு முறை என்ன யோசனை என்று கேட்டுவிட்டான். ஒன்றுமில்லை என்றாள். சவுரிராயனிடம் ஒரு தடவையாவது, ஒளிக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து குடி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றே தோன்றியது. வெனிலாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். வெனிலா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஷாக் அடிச்சவரு ஈ.சி.ஜி. எடுத்தாராமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கலையரசியே போன் செய்தார்.

"கதவு உப்பிக்கிச்சிம்மா. தெறக்க வரல. அவரு புடிச்சி இழுத்துக்கினு இருக்காரு, கொடி பேத்துக்கினு வந்துடும்போல இருக்கு. ஜல்தியா வந்து சீவிக் குடுத்துட்டுப் போ."

செல்வி மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கதவின் ஓரத்தை இழைத்துக் கொடுத்தாள். மேல்தட்டில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. கதவுக்குள் கீழ்த்தட்டில் கலையரசி வீட்டுப் பத்திரங்களையும் மாத்திரைப் பெட்டியையும் அடுக்கியிருந்தார். குடி குறைந்ததா என்று செல்வி கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பெண் வீட்டார் வந்துபோனதாகவும், பெண்ணின் அப்பா அலமாரியை யார் செய்தது என்று கேட்டு போன் நம்பர் வாங்கிக்கொண்டதாகவும் கலையரசி சொன்னார்.

அந்தப் பெண்ணின் அப்பா அனந்தபுரத்துக்காரர். செல்வி இப்போது செய்துகொண்டிருப்பது அவருடைய பாட்டில் அலமாரி. கதவில் திராட்சை வேண்டாம், மயில் போடு என்று சொல்லியிருக்கிறார்.