பாம்பனில் ஒருத்தி தொடாத குவளை

பாம்பன் மாதா கோயில் வாசலில், கப்பலில் வந்த பால்மாவைக் கரைத்துத் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கொடுக்கிறேன். ஒருத்திக்கு ஒரு குவளை, இங்கேயே குடிக்க வேண்டும் என்பது விதி. சூசையம்மாள் மட்டும் குவளையைத் தொடவில்லை. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“அவுக போன வள்ளம் கரைசேரலண்ணே. வார வரைக்கும் பாலு தொடமாட்டேன்னு அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்.”

பெண்களிடம் பேசக் கூசுகிற எனக்கே பொறுமை போகிறது.

“பச்சப்பிள்ளையுமா நேந்துச்சு?”

தன் பங்கை ஏற்கெனவே குடித்துவிட்ட ரோசம்மாள் அந்தக் குவளையையும் எடுத்துக் குடிக்கிறாள்.

“ஒருத்திக்கு ஒண்ணுதான்!” என்று கத்துகிறேன்.

“கத்தாதீகண்ணே. இவ பிள்ளைக்கும் நாந்தான குடுக்குறேன், நாலு நாளா.”

குழந்தையை வாங்கி முந்தானைக்குள் அணைக்கிறாள். அது சப்புகிற சத்தம் கேட்கிறது. எரிச்சல் தணியாமலே அவளுக்கு மூன்றாவது குவளையை நீட்டுகிறேன்.