தெப்பத்துக்கு ஏற்ற மோட்டார்

ரிமோட் படகு கரைக்கு வந்ததும் மச்சான் அதன் மூடியைத் திறந்து இரண்டு விரல்களை மோட்டாரின்மேல் வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். விரலை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் மோட்டாரும் புரொப்பெல்லரும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன என்று அர்த்தம். சுட்டால் பொருந்தவில்லை. அவர் விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்து ஊதியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். ஈப்போவில் காப்புறுதி முகவர்; ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் உயிரின் அருமையை விளக்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பெங் பக்கத்தில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்த பழைய ஈயக்குட்டையில் ரிமோட்டில் ஓடும் மின்சாரப் படகுகளை விடுவார். அந்த விளையாட்டின் சூட்சுமத்தை எனக்கு விளக்கியவரும் அவர்தான். வேகமாகச் சுழலும் மோட்டாருக்குச் சின்ன புரொப்பெல்லர், நிதானமாகச் சுழலும் மோட்டாருக்குப் பெரியது. வேக மோட்டாரில் பெரியதை மாட்டினால் அது தண்ணீரைத் தள்ள முடியாமல் மின்சாரத்தை வாரிக் குடித்துக் கருகிவிடும். இத்தனையும் தெரிந்த மனிதர், பந்தயம் என்று வந்துவிட்டால் வேக மோட்டாரை எடுத்து அதில் பெரிய புரொப்பெல்லரைத்தான் மாட்டுவார். "கொஞ்சம் பெரிய கிப்பாஸ் போட்டா பறக்கும்லா" என்பார். கிப்பாஸ் என்றால் மலாயில் விசிறி; புரொப்பெல்லரை அப்படித்தான் சொல்வார். கொஞ்ச தூரம் பறக்கவும் செய்யும். பேராசை பெருநட்டம் என்று அக்கா வாசலிலிருந்தே சொல்வாள். அவருக்கு அது காதில் ஏறியதில்லை.

ஒரு நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, இவர் உயிரோடு வீடு திரும்பினால் தோட்டத்து அம்மனுக்கு இந்த ஆடியில் தன் செலவில் தெப்பம் விடுவதாக வேண்டிக்கொண்டாள். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்க்கான செம்பனைக்காடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன, அங்குள்ள ஈயக்குட்டைக் கரையில் அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் ஈப்போவிலிருந்து காரில் வருவோம். பீப்பாய்களின்மேல் பலகை அடித்த தெப்பத்தில் அம்மனை வைத்து, இரண்டு கரையிலும் ஆண்கள் கயிறு பிடித்து மூன்று சுற்று இழுப்பது வழக்கம்.

அந்த வருடம் கோயில் தலைவர் கையை விரித்துவிட்டார். இளவட்டங்களில் பாதிப் பேர் சிங்கப்பூரில், மீதிப் பேருக்கு விடுமுறை இல்லை. "கயிறு பிடிக்க ஆளு இல்லம்மா. இந்த வருசம் அம்மனை ரதத்துல வச்சு கோயிலை மட்டும் சுத்துவோம்," என்றார்.

"நான் தெப்பம்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே. மாத்தினா என்னா ஆகும்னு எனக்குத் தெரியல," என்றாள் அக்கா. அவள் முகத்தில் இருந்தது பயம்தான். அம்மனை ஏமாற்றினால் அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று அவள் மனதார நம்பினாள். மச்சான் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆளே வேணாம். நான் மோட்டார்ல ஓட்டுறேன்," என்று சொல்லிவிட்டார்.

தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? அம்மன் பாரம் என்று சொல்லி, பந்தய மோட்டாரிலேயே கையகலப் புரொப்பெல்லரை மாட்டினார். முதல் வெள்ளோட்டத்தில் தெப்பம் நகர்வதற்குள் ஒயர் உருகும் நாற்றம் கரைவரை வந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகுதான் என் வாழ்நாளில் முதல்முறையாக மச்சான் வேகத்தை விட்டுக்கொடுத்ததைப் பார்த்தேன். தடித்த, சோம்பேறி மோட்டார் ஒன்றை வாங்கிவந்து அந்தப் பெரிய புரொப்பெல்லரை அதில் மாட்டினார். அம்மனின் எடைக்கு அரிசி மூட்டைகளை ஏற்றிச் சுற்றவிட்டார். தெப்பம் எருமைமாதிரி போய் எருமைமாதிரி திரும்பி வந்தது. விரலை வைத்தார், எடுக்கவில்லை. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடு. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஆனால் அரிசி மூட்டை பூ வைத்துக்கொள்வதில்லை. திருவிழா அன்று பெண்கள் எப்போதும்போல் தெப்பத்தின் நாலு பக்கமும் தண்ணீரைத் தொடும்படி பூச்சரங்களைத் தொங்கவிட்டார்கள். கயிறு இழுத்த காலத்தில் அது அழகு. அடியில் ஒன்று சுழலப்போகிறது என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, பேட்டரியைத் தடவிக்கொண்டிருந்த மச்சானுக்கும் தோன்றவில்லை, பூ வாங்கிவந்த எனக்கும் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த நேரம். உறுமி மேளம் முழங்க அம்மன் முதல் சுற்றை முடித்தாள். கரையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில், குட்டையின் நடுவே, தெப்பம் நின்றது. மச்சான் ரிமோட்டைத் திருகினார். பின்னால் ஓட்டிப் பார்த்தார். புரொப்பெல்லரில் சிக்கிய பூச்சரம் இன்னும் இறுகியதுதான் மிச்சம். மேளங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அவர் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே அறுவைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஈயக்குட்டையில் நாலடி வைத்தால் ஐந்தாவது அடிக்குத் தரை இருக்காது. தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவர் முழங்கால்வரை இறங்கிவிட்டார். அக்கா பட்டுச்சேலையோடு பின்னாலேயே இறங்கி அவர் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, மேல வாங்க."

"அம்மன் நடுவுல நிக்குதுலா. ஒன் வேண்டுதல் என்னா ஆவுறது?"

"நான் வேண்டுனது நீங்க வீட்டுக்கு வரணும்னு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

இப்போது அந்தக் கோயிலில் தெப்பம் மோட்டாரில்தான் ஓடுகிறது. அடியில் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். மச்சான் ஆடிக்கு ஆடி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை ஓட்டுகிறார். புதிதாக வருபவர்களிடம் மோட்டார், புரொப்பெல்லர் பொருத்தம் பற்றிக் கல்யாணத் தரகர்மாதிரி பேசுகிறார். முதல் வருடத்துக் கதையை மட்டும் சொல்வதில்லை.

அன்று அம்மனைக் காற்றுதான் மெல்லத் தள்ளி எதிர்க்கரையில் சேர்த்தது. தலைவரும் மற்றவர்களும் நடந்துபோய் இறக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அக்கா அவரைக் காரில் ஏற்றிவிட்டாள். நான் ஓட்டினேன். இரண்டு பேரும் நனைந்த துணியோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பெங் தாண்டினோம். பிறகு மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார், "மிச்சச் சுத்து?"

"அடுத்த வருசம் சுத்துங்க," என்றாள் அக்கா. "அதுக்கு நீங்க இருக்கணும்ல."