குளுவாங் கடையின் வளையல் அலமாரி

மகள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி வந்திருக்கிறது. உள்ளே பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். கிட்டே போய்ப் பார்க்க விரலை ஊன்றினேன். "கைய வைக்காதீங்கம்மா, கறை படியும்" என்றாள். கோபம் வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. இவள் என் வயிற்றில் இருந்தபோதே மலாயாவில், குளுவாங்கில் இதே அதட்டலை வாங்கியவள் நான்.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை. கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் வெளியே கிடக்கும். வளையல் மட்டும் கண்ணாடி அலமாரிக்குள். கதவைத் திறந்தால், வளையல் கட்டி வந்த வைக்கோலின் வாசனை வரும். ரப்பர்க் காட்டில் அந்த வாசனைக்கு வேறெங்கே போவது? ஆனால் பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுக்கிற எங்கள் கை பட்டால் கண்ணாடி பிசுபிசுக்கும் என்று கடை முதலாளி தவுக்கேயின் மனைவி கிட்டேயே விடமாட்டார். எங்களோடு பழகிப் பழகி, திட்டுவதும் தமிழிலேயே.

வீட்டாரைக் கேட்காமல் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடுகள், ஒருவரும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்புக்கு வளையல் அடுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டாமா? தானே போட்டுவிடட்டுமா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சிரித்தேன், அப்புறம் அழுதேன். வெறுங்கையோடு பிரசவத்துக்குப் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பயம் தூங்கவிடவில்லை.

வேறு யாருக்கோ வாங்குவதுபோல் கடையில் போய் நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். அந்தம்மா என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, பின்னால் யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். இதற்கென்று எங்கள் பெண்கள் கூட்டமாக வருவதை எத்தனையோ முறை பார்த்தவர் அல்லவா.

"அம்மா எங்க?"

"யாரும் வரலைங்க."

"நான் போடுறேன். கை குடு."

அலமாரியைத் திறந்தார். என்னை முக்காலியில் உட்காரவைத்து, பால்கறை ஏறிய கையை மடியில் வைத்துச் சோப்புப் போட்டார். கை வீங்கியிருந்தது, ஒரு வளையல் உடைந்தாலும் அபசகுனம். அது அவருக்கும் தெரியும்போல. நாக்கைக் கடித்துக்கொண்டு, பச்சையும் சிவப்புமாக மெதுவாக ஏற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு ஏதோ நினைவு வந்தவராக உள்ளே போய், முகப்பவுடரைத் தண்ணீரில் குழைத்து வந்து என் இரண்டு கன்னத்திலும் பூசினார். சந்தனத்துக்குப் பதிலாம். நான் சாமி கும்பிடும்போதெல்லாம் அந்தம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.

லயத்தில் வளையல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள், யார் போட்டுவிட்டது என்று கேட்டார்கள்.

"எங்கம்மா" என்றேன்.

சண்டையில் ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தக் கடை திறக்கவேயில்லை. அந்தம்மா எங்கே போனார், என்ன ஆனார் என்று சொல்ல ஆளில்லை. விசாரிக்கலாம் என்றால் பெயரும் தெரியாது. அம்மாவைப் பெயர் சொல்லியா கூப்பிடுவோம் என்று அப்போது கேட்காமலே இருந்துவிட்டேன்.